பழைய பம்பாய் வரைபடமும் நாங்கள் வாங்காத வீடும்

மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில், மகேஸ்வரி உத்யான் பக்கத்து நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவர்களிடம் கல்லூரி நாள் முதல் வாங்கி வருகிறேன். 2012ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணக்குப் பாடப் புத்தகங்களுக்கு அடியில் துணி ஒட்டி மடித்த ஒரு வரைபடம் கிடைத்தது. எடின்பரோவில் அச்சானது. அட்டையோ புத்தகமோ இல்லை. ஏதோ ஒரு பயண வழிகாட்டியிலிருந்து பிரிந்து வந்திருக்க வேண்டும். கடைக்காரர் 2,500 ரூபாய் கேட்டார், 1,600க்குக் கொடுத்தார். மூலையில் பென்சிலால் 1880 என்று எழுதியிருந்தது.

அந்த வாரம் முழுக்க இரவில் அதைத் தரையில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொலாபாவில் தொடங்கி சயான் வரைக்கும், கையை விரித்தாற்போல் நீளும் ஊர். நான் முதலில் தேடியது தாராவியை. பெயர் இருந்தது. அதைச் சுற்றி நீலத்தில் சின்னச் சின்னப் படுக்கைக் கோடுகள், நடுவே புல் முளைத்த மாதிரி அடையாளங்கள். வரைபட மொழியில் அதற்குச் சதுப்பு என்று பொருள். நான் பிறந்து வளர்ந்த சந்து, 90 அடி ரோட்டுக்குப் பக்கம், அந்தக் கோடுகளுக்குள்தான் எங்கோ இருக்கிறது.

எனக்கு உடனே 2005 ஜூலை 26தான் நினைவுக்கு வந்தது. அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை. அதே நாளில் கொலாபாவில் 73 மி.மீ.தான். எங்கள் சந்தில் மாலை நான்கு மணிக்குக் கணுக்காலில் இருந்த தண்ணீர் ஆறு மணிக்கு இடுப்புக்கு வந்தது. பரணில் உட்கார்ந்திருந்தபோது ஆச்சி சொன்னாள்: “இந்தச் சந்துலதாம்லே எப்பவும் முதல்ல ஏறும். நாங்க வந்தப்ப இங்க ஓடை கிடந்துச்சு.” அன்று அதைக் கிழவி பேச்சு என்று விட்டுவிட்டேன். ஏழு வருடம் கழித்து அந்த ஓடை காகிதத்தில், மாஹிம் கழியிலிருந்து (கடல் உள்ளே புகும் நீர்வழி) உள்ளே வளைந்து வரும் மெல்லிய நீலக் கோடாக என் முன்னால் கிடந்தது.

அதற்குப் பிறகு இந்த வரைபடத்தை அழகுப் பொருளாக என்னால் பார்க்க முடியவில்லை. இதை வைத்து நான் கற்றது, தவறு செய்தது, வீடு தேடியபோது உதவியது, எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். பம்பாயில் இருக்கும் நம் ஆட்களுக்கு மட்டுமல்ல, கடற்கரை ஊர் எதில் இருப்பவருக்கும் இது பயன்படும்.

முதலில் வயது. 1880 என்ற பென்சில் எழுத்தை நம்பி ஆறு மாதம் நண்பர்களிடமெல்லாம் அப்படியே சொல்லிவிட்டேன். பிறகுதான் ஒவ்வொரு பெயராகப் பார்க்கத் தொடங்கினேன். போரி பந்தரில் விக்டோரியா டெர்மினஸ் என்று போட்டிருக்கிறது. அந்தப் பெயர் 1887இல் ராணியின் பொன்விழாவுக்கு வைத்தது. சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு இருக்கிறது. சாண்ட்ஹர்ஸ்ட் பிரபு கவர்னராக வந்ததே 1895இல். ஆக 1880க்கு வாய்ப்பே இல்லை. இன்னொரு பக்கம், 1914இல் திறந்த அலெக்ஸாண்ட்ரா டாக் என்ற கப்பல் துறை புள்ளிக்கோட்டில் மட்டும் இருக்கிறது. குர்லாவிலிருந்து ரே ரோடுக்கு 1910 டிசம்பரில் ஓடத் தொடங்கிய ஹார்பர் லைன் இல்லவே இல்லை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்து வருடம் என்று முடிவுக்கு வந்தேன்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. இருக்கும் ஒன்றை வைத்து, வரைபடம் அதற்கு முந்தியதில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். இல்லாத ஒன்றை வைத்து, அதற்குப் பிந்தியதில்லை என்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. அச்சகங்கள் பழைய தகட்டையே திருத்தித் திருத்திப் பல வருடம் ஓட்டின. அதேபோல் புள்ளிக்கோட்டில் இருப்பதெல்லாம் கட்டப்பட்டதும் இல்லை. ஊரின் மேற்குக் கரையில் பேக் பே கடலைத் தூர்க்கும் திட்டமே இதற்குச் சாட்சி. 1860களில் பருத்தி விலை ஏறிய காலத்தில் அதற்கென்றே கம்பெனி தொடங்கி, அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து 1865இல் விலை விழுந்ததும் அது கவிழ்ந்தது. 1920களில் கவர்னர் லாயிட் காலத்தில் மறுபடி தொடங்கினார்கள். பணம் கரைந்ததே தவிர நிலம் எழவில்லை என்று வழக்கறிஞர் நரிமன் அதை அம்பலப்படுத்தினார். நினைத்ததில் ஒரு பகுதிதான் கடைசியில் நிலமானது. இன்று அந்தக் கரையில் ஒரு முனைக்கு அவர் பெயர்தான். என் வரைபடத்தில் மெரின் டிரைவ் கிடையாது. மெரின் லைன்ஸ் பக்கம் ரயில் பாதையை ஒட்டியே கடல் நிற்கிறது.

வாங்கும்போது அச்சையும் பாருங்கள். 200 ரூபாய்க்குக் கிடைக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். இன்றைய அச்சில் எந்த நிறத்தைப் பெரிதாக்கினாலும் சின்னப் பூ மாதிரி வட்டமாகச் சேர்ந்த புள்ளிகள் தெரியும். பழைய கல்லச்சில் அப்படி இராது. கோடு கோடாகவே இருக்கும், நிறம் சில இடத்தில் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். சோர் பஜாரில் மட்டன் ஸ்ட்ரீட் பக்கம் தேநீரில் நனைத்துப் பழுப்பாக்கிய நகல்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையான பழுப்பு ஓரத்திலும் மடிப்பிலும் கூடுதலாகவும், மடிந்து உள்ளே கிடந்த பக்கத்தில் குறைவாகவும் இருக்கும். தாள் முழுக்க ஒரே மாதிரி பழுத்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஏழு தீவுகளாகப் பம்பாயைக் காட்டும் படங்களும் நிறைய விற்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பிற்காலத்தில் பழைய குறிப்புகளை வைத்து ஊகித்து வரைந்தவை. வாங்கலாம், தவறில்லை. ஆனால் அந்தக் காலத்தில் அளந்து வரைந்தது என்று நினைத்து வாங்கக் கூடாது.

அந்த ஏழு தீவுக் கதை எல்லாருக்கும் தெரியும். கொலாபா, சின்னக் கொலாபா, பம்பாய், மஜ்காவ், பரேல், வொர்லி, மாஹிம். போர்த்துகீசியர் 1661 திருமண ஒப்பந்தத்தில் இங்கிலாந்து ராஜாவுக்குக் கொடுத்ததும், 1668இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வருடம் பத்து பவுன் வாடகைக்குப் போனதும் பாடப் புத்தகத்தில் வரும். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, இடையில் இருந்த தண்ணீர் எப்படிப் போனது என்பது. 1784 வாக்கில் கவர்னர் ஹார்ன்பி காலத்து அணை வொர்லிக்கும் மகாலக்ஷ்மிக்கும் இடையே கடல் புகும் வாயை அடைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சயானிலிருந்து குர்லாவுக்குப் பாலச்சாலை. 1838இல் கொலாபாவுக்கு. 1845இல் மாஹிமிலிருந்து பாந்த்ராவுக்கு.

அணை போட்டால் கடல் நிலமாகிவிடும் என்று நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. வெளியிலிருந்து வரும் ஓதத்தை, அதாவது தினமும் ஏறி இறங்கும் கடல் நீரை, அணை நிறுத்துகிறது, உள்ளே பெய்யும் மழையை அது என்ன செய்யும்? நடுவிலிருந்த பள்ளம் பள்ளமாகவே இருந்தது. ஓதம் ஏறும்போது கடல் அதைவிட உயரத்தில் நிற்கும். பைக்குல்லாவிலிருந்து பரேல், வொர்லி வரை அந்த இடத்தை வெள்ளைக்காரர்கள் ‘ஃப்ளாட்ஸ்’, தட்டை நிலம், என்றே எழுதினார்கள். அதில் பல பத்தாண்டுகள் மண்ணும் குப்பையும் கொட்டித்தான் நிலமாக்கினார்கள். கிழக்கே சிவ்ரி, அன்டாப் ஹில், சயான் மேடுகள், மேற்கே வொர்லி மேடு, நடுவில் தட்டு. பழைய வரைபடத்தில் மேட்டைச் சின்னச் சின்னச் சாய்கோடுகளால், கம்பளிப் பூச்சி மாதிரி காட்டுவார்கள். அந்தப் பூச்சிகளை விரலால் தொட்டுக்கொண்டே போனால் தட்டு எங்கே என்று தானாகப் புரிந்துவிடும். ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் நின்றதாகச் செய்தியில் வரும் ஹிந்த்மாதா சந்திப்பு அந்தத் தட்டில்தான் இருக்கிறது.

ஊர்ப் பெயர்கள் இன்னொரு சாவி. உமர்காடி என்றால் ‘காடி’, கழி. மஜ்காவுக்கும் பம்பாய்க்கும் நடுவே ஓடியது. பாய்துனி, கால் கழுவும் இடம். அங்கே ஓதத் தண்ணீர் நின்றதால் வந்த பெயர். தோபி தலாவ், குவாலியா டேங்க், இரண்டுமே குளம். மசூதி பந்தர், போரி பந்தர், படகு வந்த துறை. சயான் என்பது மராத்தியில் ‘ஷீவ்’, எல்லை. தீவு அங்கே முடிந்தது. நம் ஊரில் ஏந்தல், தாங்கல் என்று பெயர் வந்தால் தண்ணீர் நின்ற இடம் என்று நமக்குத் தெரியும். நுங்கம்பாக்கத்தில் ஏரியே இல்லாமல் லேக் ஏரியா என்ற பெயர் மட்டும் மிச்சம். தி.நகரே 1920களில் ஏரியை வற்றவைத்து எழுந்த ஊர். பம்பாயில் மராத்தி தெரியாமல் முப்பது வருடம் இருந்துவிட்டு, இந்தப் பெயர்களை வெறும் ஸ்டேஷன் பெயராகவே நம்மில் பலர் உச்சரித்துக்கொண்டிருக்கிறோம். பத்து மராத்திச் சொல் கற்றால் போதும். காடி, தலாவ், பந்தர், வாடி, மிட்டாகர். கடைசியது உப்பளம். எங்கள் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம் என்பதால், வடாலா பக்கம் உப்பளங்கள் இருந்ததைப் பார்த்ததும் எனக்குச் சொல்லித்தர ஆள் தேவைப்படவில்லை. உப்பளம் என்றால் ஓதம் ஏறி இறங்கும் தாழ்ந்த மண், அவ்வளவுதான்.

சரி, வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

2013இல் கல்யாணம் முடிந்து சொந்தமாக ஒரு இடம் தேடினோம். தெரிந்த ஏஜென்ட் அண்ணாச்சி ஒருவர் காந்தி மார்க்கெட் பின்பக்கம் தரைத்தள வீடு ஒன்றைக் காட்டினார். மே மாதம். புது வெள்ளை அடித்து, புது டைல்ஸ் போட்டு, பளிச்சென்று இருந்தது. அந்தப் பகுதி விலைக்கு நல்ல மலிவு. “தம்பி, இந்த ரேட்டுக்கு மாட்டுங்கால இனிமே கெடைக்காது” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. என் மனைவிக்கு வீடு பிடித்துவிட்டது, எனக்கும்தான்.

அன்று இரவு வரைபடத்தை எடுத்தேன். முதலில் போனில் படம் பிடித்துக் கணினியில் இன்றைய வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை. போன் லென்ஸ் ஓரங்களை வளைத்துவிடும், மடிப்புகள் மேடாக நிற்கும். பிறகு ஒரு கடையில் தட்டை ஸ்கேனரில் 600 டிபிஐயில் பகுதி பகுதியாக எடுத்து ஒட்டினேன். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில், மாறாத இடங்களை இரண்டிலும் குறித்துப் பொருத்த வேண்டும். நான் எடுத்தவை சயான் கோட்டை, மாஹிம் கோட்டை, டவுன் ஹால், செயின்ட் தாமஸ் தேவாலயம், பிறகு ரயில் பாதை வளையும் இரண்டு மூன்று இடங்கள். கடற்கரையையும் சாலை முனைகளையும் எடுக்கக் கூடாது. கரை மாறுவதைத்தானே பார்க்கப் போகிறோம், அதையே அளவுகோலாக வைத்தால் எப்படி? நான்கு புள்ளி போதும் என்று மென்பொருள் சொல்லும். குறைந்தது பத்துப் புள்ளி எடுங்கள், ஊர் முழுக்கப் பரவலாக.

பொருந்தி வந்தது. அந்த வீடு இருந்த பக்கம் பழைய வரைபடத்தில் சாலையே இல்லை. வெற்றுத் தாழ்நிலம். 1896 பிளேக்குக்குப் பின் 1898இல் தொடங்கிய சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட்தான் தாதர், மாட்டுங்கா, சயான் பக்கத்தைப் பின்னால் மனையாக்கியது என்பது எனக்குத் தெரியும். ‘பார், தண்ணீர் நின்ற இடம்’ என்று மனைவியிடம் வெற்றியோடு காட்டினேன். அவள் திரையைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இந்தக் கோடே நம்ம பில்டிங்கைவிட அகலமா இருக்கே, இதை வச்சு எப்படிச் சொல்றீங்க?” என்று கேட்டாள்.

அவள் கேட்டது மிகச் சரி. என் வரைபடம் ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல். அதாவது காகிதத்தில் 1 மி.மீ. தரையில் 63 மீட்டர். அரை மி.மீ. தடிமனுள்ள கோடு 30 மீட்டரை விழுங்கிவிடும். அதோடு தாள் நூறு மழைக்காலத்தில் சுருங்கி விரிந்த பிழை, நான் பொருத்திய பிழை. ஒரு கட்டடத்தை வைத்துப் பேச இந்த வரைபடத்துக்குத் தகுதி இல்லை. ஒரு வட்டாரம் மேடா பள்ளமா என்று சொல்லத் தகுதி உண்டு. கட்டடம் கட்டடமாகப் பார்க்க வேண்டுமென்றால் 1865 முதல் 1872 வரை லாட்டன் தலைமையில் எடுத்த நில அளவைத் தாள்கள் போன்ற பெரிய அளவுகோல் வரைபடங்களைத் தேட வேண்டும். ஏஷியாட்டிக் சொசைட்டி, மாநில ஆவணக் காப்பகம் போன்ற இடங்களில் முன்கூட்டிக் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

வட்டாரம் சந்தேகத்துக்குரியது என்று வரைபடம் சொல்லிவிட்டது. மீதியைத் தெருவில்தான் கேட்க வேண்டும். அண்ணாச்சியிடம் மழை வரட்டும் என்று இரண்டு மாதம் தவணை கேட்டோம். முகம் கொஞ்சம் மாறியது, ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

அந்த இரண்டு மாதத்தில் கற்றதுதான் என் கணக்கில் வரைபடத்தைவிடப் பெரிய பாடம். பம்பாயில் வெறும் மழையைப் பார்த்துப் போகக் கூடாது, ஓத அட்டவணையைப் பார்த்துப் போக வேண்டும். ஓதம் 4.5 மீட்டருக்கு மேல் ஏறும் நாள்களைச் செய்தித்தாளிலேயே போடுவார்கள். அந்த நேரத்தில் மழையும் பெய்தால் வடிகாலின் வாயில் கடல் நிற்கும், தண்ணீர் வெளியே போக வழியில்லை. பழைய வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழைக்கு, அதுவும் ஓதம் இறங்கியிருக்கும் நேரத்துக்கு என்று கட்டியவை. 1993இல் தயாரான திட்டம் அதை 50 ஆக்கச் சொன்னது. ஹாஜி அலி, லவ்குரோவ், கிளீவ்லேண்ட் பந்தர் என்று பம்ப் நிலையங்கள் வந்தது அதனால்தான்.

அப்புறம் கடைகளைப் பார்த்தோம். மளிகைக் கடையில் அரிசி மூட்டை எந்த உயரத்தில் இருக்கிறது? அந்தத் தெருவில் எல்லாக் கடையிலும் கீழ்த்தட்டு காலியாக, அல்லது பிளாஸ்டிக் சாமான் மட்டும். மின்சார மீட்டர் பெட்டி என் தலைக்கு மேலே. வாசல்படிக்கு மேல் இன்னொரு படி புதிதாகக் கட்டியிருந்தார்கள். நாங்கள் பார்த்த வீட்டில் டைல்ஸ் சுவரில் இடுப்பு வரை ஏறியிருந்தது. மே மாதத்தில் அது அலங்காரம் என்று நினைத்தேன். இஸ்திரி போடுபவரிடம் ஹிந்தியில் கேட்டேன், போன வருடம் எத்தனை நாள் கடை போடவில்லை என்று. ‘தண்ணீர் வருமா’ என்று கேட்டால் யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள், அவர்கள் வீட்டு விலையும் அதில் இருக்கிறது. ‘எத்தனை நாள் வேலை நின்றது’ என்று கேட்டால் விரலை மடக்கி எண்ணுவார்கள். அவர் ஐந்து விரலை மடக்கினார்.

ஜூலையில் ஒரு மதியம், ஓதம் ஏறும் நேரம், மிதமான மழைதான். நாங்கள் குடையோடு போய் நின்றோம். தெருவில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர். வீட்டுக்குள் போக அண்ணாச்சி சாவி எடுத்து வரவில்லை. “வேணாம் தம்பி, எனக்கே மனசு ஒப்பல” என்றார். அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

நாங்கள் கடைசியில் வாங்கியது சயான் கோட்டை மேட்டின் அடிவாரத்தில், இரண்டாவது மாடியில், சின்ன வீடு. கூடுதல் விலை, குறைந்த இடம். வீட்டுக்குத் தண்ணீர் வருவதில்லை. ஆனால் அங்கிருந்து எந்தப் பக்கம் இறங்கினாலும் பள்ளம், அதனால் வருடத்தில் சில நாள் வீட்டிலேயே அடைந்துகிடக்கிறோம். பால், மருந்து, சார்ஜ் செய்த விளக்கு எல்லாம் ஜூனிலேயே எடுத்து வைத்துவிடுவோம். மேட்டில் வீடு வாங்கினால் எல்லாம் முடிந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். அதேபோல் பழைய சதுப்பில் இருக்கும் எல்லா வீடும் மூழ்கும் என்பதும் இல்லை. ரோட்டை உயர்த்தியிருப்பார்கள், பம்ப் வந்திருக்கும். மேட்டிலும் நாலாவை, மழைநீர் ஓடும் கால்வாயை, குறுக்கினால் தண்ணீர் நிற்கும். மித்தி நதி விஹார், பொவாய் ஏரிகளிலிருந்து மாஹிம் கழிக்கு வரும் வழியில் எவ்வளவு நெரிந்திருக்கிறது என்பதை 2005 காட்டியது. அந்தக் கழியோரச் சதுப்பில்தான் பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸ் நிற்கிறது.

நகராட்சிப் பழைய வடிகால் வரைபடங்களைப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அவற்றில் உள்ள உயர எண்கள் கடல் மட்டத்தைப் பூஜ்யமாக வைத்தவை அல்ல. டவுன் ஹாலை ஆதாரமாக வைத்த ‘டவுன் ஹால் டேட்டம்’ என்று ஒன்று உண்டு. ஓத அட்டவணைக்கு இன்னொரு பூஜ்யம். இந்த எண்ணை அந்த எண்ணோடு நேராகக் கழித்துப் பார்த்தால் தவறான நிம்மதியோ தவறான பயமோதான் வரும். நான் ஒரு வாரம் அந்தத் தவறான நிம்மதியில் இருந்தேன்.

வரைபடத்தைக் காப்பதில் நான் செய்த தவறு இன்னும் வலிக்கிறது. 2014இல் சுவரில் மாட்ட ஆசைப்பட்டு ஒரு சட்டக் கடையில் கொடுத்தேன். என்னைக் கேட்காமலே ஹார்ட்போர்டில் பசை தடவி ஒட்டிவிட்டார்கள். இரண்டு மழைக்காலத்தில் கீழ் மூலை உப்பி, கொலாபா முனை பழுப்பேறிப் பூஞ்சணம் பிடித்தது. காகிதப் பராமரிப்பு தெரிந்த ஒருவர் மூன்று மாதம் எடுத்து அட்டையிலிருந்து பிரித்தார். கொலாபாவின் கடைசி அரை அங்குலம் போனது போனதுதான். எதையும் கொடுக்கும் முன் ‘பசை வேண்டாம், லேமினேஷன் வேண்டாம், செலோடேப் வேண்டாம்’ என்று எழுதியே கொடுங்கள். அமிலமில்லாத அட்டையில் மூலைகளை மட்டும் காகிதப் பைக்குள் செருகி நிறுத்த வேண்டும். கண்ணாடி தாளைத் தொடாமல் இடைவெளி வேண்டும். மேற்கு வெயில் விழும் சுவரும் வெளிச்சுவரும் ஆகாது. இந்த ஊர் ஈரத்தில் வெளிச்சுவர் வியர்க்கும். இப்போது அது பெரிய தட்டைப் பெட்டியில் விரித்தபடி, சிலிக்கா ஜெல் பைகளோடு கட்டிலுக்கடியில் இருக்கிறது. சுவரில் இருப்பது ஸ்கேன் செய்த நகல்.

துபாயில் இருக்கும் தம்பி அசலைக் கேட்டான். நூறு வயது தாண்டிய பழம்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அவனுக்கும் நகல்தான் அனுப்பினேன். உண்மையில் பெரும்பாலான தேவைக்கு வாங்கவே வேண்டாம். டேவிட் ரம்சே தொகுப்பு போன்ற இணையத் தளங்களில் பழைய வரைபடங்கள் நல்ல தெளிவோடு கிடைக்கின்றன. நான் வாங்கியது ஆசைக்காக.

எல்லாவற்றையும்விட எனக்கு நெஞ்சில் நிற்பது 2015இல் ஆச்சியிடம் அதைக் காட்டிய நாள். தாராவிப் பகுதியை மட்டும் பெரிதாக்கி, அச்செடுத்துக் கொண்டுபோனேன். ஆச்சிக்கு எழுத்து தெரியாது. மேற்கு ரயில், நடு ரயில், மாஹிம் கழி என்று மூன்றையும் காட்டியதும் பிடித்துக்கொண்டாள். காலா கில்லா எங்கே என்று கேட்டாள். 1737இல் கட்டியதாகக் கல்வெட்டு உள்ள அந்தச் சின்னக் கோட்டை இருக்கும் பக்கத்தைக் காட்டினேன். அங்கிருந்து விரலை நகர்த்தி ஓரிடத்தில் நிறுத்தினாள். நீலக் கோடுகள் மட்டும் உள்ள இடம்.

“இங்க என்ன எழுதியிருக்கு?”

“ஒண்ணும் எழுதல ஆச்சி. சதுப்புன்னு படம் போட்டிருக்கு.”

“ஆளு இல்லேன்னு போட்டிருக்கானா?”

நான் பதில் சொல்லவில்லை. அந்த வரைபடம் அச்சான காலத்திலேயே தாராவி ஒரு பெரிய கோலிவாடா, கோலி மீனவர்கள் குடியிருப்பு. 1909இல் வந்த கெசட்டியர் என்ற அரசு விவர நூல் பம்பாயின் ஆறு பெரிய கோலிவாடாக்களில் ஒன்றாக அதைச் சொல்கிறது. நம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு ஆள்கள் வந்து குடியேறியிருந்தார்கள். ஆனால் அளக்க வந்தவருக்கு அது நிலமும் இல்லை, தண்ணீரும் இல்லை, அதனால் கோடு போட்டுவிட்டுப் போய்விட்டார். வரைபடத்தில் காலியான இடத்தைப் பார்த்தால் ஆளில்லாத இடம் என்று நான் இப்போது படிப்பதில்லை. யாரும் கேட்காத இடம் என்று படிக்கிறேன்.

அன்று மாலை ஆச்சி அந்தச் சதுப்பைத் தூர்த்த கதையைச் சொன்னாள். 1950களில் அவள் வந்தபோது குடிசைக்கு அடியில் பலகை. கணவன்மார் வேலைக்குப் போனபின் பெண்கள் கூடையில் கொண்டுவந்து கொட்டியது சாம்பல், தேங்காய் மட்டை, உடைந்த ஓடு, கட்டட இடிபாடு. ஒரு மழைக்கு ஒரு சாண் இறங்கும். மறுபடி கொட்ட வேண்டும். “உங்க தாத்தா வீடு கட்டினாருன்னு எல்லாரும் சொல்லுவாங்க. தரைய கட்டினது நாங்கலே” என்றாள். ஹார்ன்பிக்கும் லாயிட்டுக்கும் பெயர் வைத்த அணையும் திட்டமும் உண்டு. இந்தத் தரைக்கு யார் பெயரும் இல்லை.

பென்சிலை அவள் கையில் கொடுத்து ஓடை போன வழியைக் கோடு போடச் சொன்னேன். கை நடுங்கியது. வரைபடத்தில் இருந்த நீலக் கோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, கிட்டத்தட்ட அதே வளைவில் போட்டாள். தண்ணீர் எந்த வருடம் எவ்வளவு வந்தது என்று கேட்டேன். ஆச்சிக்கு ஆண்டுக் கணக்கு கிடையாது. யார் பிறந்தது, யாருக்குக் கல்யாணம், யார் ஊருக்குப் போனது என்றுதான் சொல்வாள். நான் அப்படியே எழுதிக்கொண்டேன். ஆச்சி 2018இல் போய்ச் சேர்ந்தாள். இப்போது ஒவ்வொரு மழைக்கும் சொந்தக்காரர்களும் பழைய அக்கம்பக்கத்தாரும் சொல்லும் இடங்களை அதே நகலில் குறித்து வருகிறேன், நாளும் உயரமும் சேர்த்து. தாள் ஏறக்குறைய நிறைந்துவிட்டது. ஆச்சி சொன்னவற்றில் முதல் குறிப்பு, ஓடை வளையும் இடத்தில் இருக்கிறது: ‘சித்தப்பா பிறந்த மழை, முழங்கால் மட்டம், அடுப்பு நனைந்தது.’ சித்தப்பாவிடம் கேட்டு, ஆண்டைப் பக்கத்தில் எழுதினேன். 1958.